ஐம்பது பென்ஸ்

டேப் ஓடி முடியப் பதினொரு நிமிடம்.
கத்தும், விக்கும், மறுபடி கத்தும்.
அந்தக் கத்தலுக்குள் எங்கோ சுருண்டு கிடந்தது
பனிமலை மேல் ஒரு விடுதி:
பதினான்கு விருந்தினர், எட்டரைக்கு விழப்போகும் ஒரு பிணம்,
மாலை ஆறுக்குக் கிளம்பி
நள்ளிரவில் கணக்கை முடித்துவிடும் கடிகாரம்.

எண்பத்தைந்து, ஜனவரி, கிரிம்ஸ்பி.
ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை. மூடினாலும்.
அம்மாவுக்கு இரவு ஷிப்ட்,
காட் மீன் துண்டுகளுக்கு ரொட்டித்தூள் சட்டை போட்டுவிடும் வேலை.
எனக்குப் பதினொன்று. லோர்னாவுக்குப் பதின்மூன்று,
ஆகவே துப்பறிவாளர் அவள். நான் விசைகளை அமுக்குபவன்.

அந்த விளையாட்டு யாருக்கும் காத்திருக்காது.
சமையலறையில் நாங்கள் கத்திகளை எண்ணும்போது
நூலகத்தில் கர்னல் கடிதத்தை எரித்துவிடுவார்.
ஓடிப் போய்ப் பார்த்தால்
திரையில் மூன்று சாம்பல் சதுரம்.
அவ்வளவுதான் சாட்சி.

மீந்த சுவர்த்தாளின் முதுகில் லோர்னா கட்டம் போட்டாள்.
மேலே மணி, ஓரத்தில் பெயர்.
7:20, பியானோ ஆசிரியை, மாடிப்படி.
7:25, டாக்டர், பொய்.
பாதிக் கட்டங்களில் கேள்விக்குறிதான்;
நாங்கள் ஓர் அறையில் நின்றால்
பன்னிரண்டு அறைகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும்.

ஓர் இரவு எனக்கு அலுத்துப்போய்
சலவை அறையிலேயே நின்றுவிட்டேன்.
9:40க்குப் பணிப்பெண் வந்தாள்.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.
காலணியைக் கழற்றினாள்.
மூன்று நிமிடம் ஒன்றும் செய்யவில்லை.
"இதில் என்ன துப்பு இருக்கு?" லோர்னா திட்டினாள்.
இருந்தாலும் அவள் கட்டத்தில் எழுதிவைத்தேன்: 9:40, கால் வலி.
யார் இதைச் செய்து வைத்தார்களோ,
யாரும் பார்க்காமல் போகக்கூடிய மூன்று நிமிடத்தை.

வீட்டுக்கும் ஒரு கடிகாரம் இருந்தது.
வாசல் கதவுக்கு மேலே மின்சார மீட்டர்;
ஐம்பது பென்ஸ் போட்டுத் திருகினால் டங்கென்று விழுங்கும்.
காசு தீர்ந்தால் கெட்டில் முதல் கொலைகாரன் வரை
எல்லாரும் அதே நொடியில் அணைவார்கள்.
பிறகு மறுபடி பதினொரு நிமிடக் கத்தல், மறுபடி ஆறு மணி,
செத்தவர் மேசைக்கு வந்து சூப் கேட்பார்.
அம்மா வைத்துப்போவது இரவுக்கு ஒரு காசு.
அது விடுதிக் கணக்கில் பத்து ஐம்பது வரைதான் வரும்.

பின்னறையில் வாடகைக்கு இருந்தார் மம்பி.
இழுவைப் படகில் இருபது வருடம்;
ஐஸ்லாந்துக் கடல் மூடிய பிறகு
படகும் இல்லை, வேலையும் இல்லை.
சமையலறையில் உட்கார்ந்து
தான் போகப்போகாத கடல்களின் வானிலையை
ரேடியோவில் கேட்பார்.
டேப் கத்தினால் மட்டும் தலையை நீட்டி,
"விஞ்சுக்கு எண்ணெய் போடுங்க" என்பார்.
எங்கள் அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வாரம் விளக்கு அணையவே இல்லை.
திங்கள், நள்ளிரவு வரை போனோம்.
செவ்வாயும்.
"மீட்டர் பழுது," என்றாள் லோர்னா.
புதன், பத்தே முக்காலுக்கு
நடையில் டங்கென்று ஒரு சத்தம்.
இருவருக்கும் கேட்டது.
இருவரும் எழவில்லை;
டாக்டர் அப்போதுதான் பெட்டகத்தில் கை வைத்தார்.

கர்னலைக் குற்றம் சாட்டினோம். தவறு.
கொலைகாரர் முதல் ரயிலில் போய்விட்டதாகத் திரை சொன்னது.
தண்ணீர் குடிக்கப் போனால்
மம்பி கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.
"பிடிச்சாச்சா?"
"இல்லை."
"ம்."

(டாக்டர்தான் என்று லோர்னா இன்றும் சொல்கிறாள்.
டேப் என்றோ அறுந்துவிட்டது.
பணிப்பெண் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.)

பிப்ரவரியில் அபர்டீனில் எண்ணெய்க் கிணற்று வேலை கிடைத்து
மம்பி விடியுமுன் கிளம்பிப் போனார்.
அன்றிரவு கர்னல் எரித்தார், ஆசிரியை படியேறினாள்,
பணிப்பெண் காலணியைக் கழற்றினாள்.
பத்து ஐம்பது.
வீடு மொத்தமும் இருண்டது.

நெடுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு, "கண்டுபிடிச்சாச்சு," என்றாள் லோர்னா.
இருட்டில் அவள் கை
சுவர்த்தாளின் மேல் பென்சிலைத் துழாவும் ஓசை.